பாலிசி மாற்றியதும் அத்தைக்குப் பதினொரு வயது கூடியதும்

ஜனவரி 2, வெள்ளி

கடும் பனி. கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் விரல் மரத்துவிட்டது. ஒன்பதரை வரை ஒரு ஜெராக்ஸ்கூட இல்லை.

நேற்று மலையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள். ஆதார் எடுத்த காலத்தில், தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் என் கடையில்தான் மனு எழுதுவது, பட்டா எடுப்பது எல்லாம். போன் நம்பர் கேட்டால் "உன் நம்பரே போடும்மா" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். அதனால் நேற்று விடிந்ததிலிருந்து என் போனில் வாழ்த்து மேல் வாழ்த்து. அன்புள்ள குப்பன், அன்புள்ள சின்னப்பையன், அன்புள்ள ராமாயி. மொத்தம் நாற்பத்து மூன்று. வேலை இல்லாததால் எண்ணினேன்.

அதில் ஒன்று என் மாமியாருக்கு. எங்கள் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பியது. "அன்புள்ள காளியம்மாள், உங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி." ராத்திரி சோறு போடும்போது வாசித்துக் காட்டினேன்.

அத்தை: "அவ்ளோ பாசமா கீறவன், வேலூரு ஆஸ்பத்திரிய ஏன் எடுத்தான்? அதக் கேளு மொதல்ல."

நியாயமான கேள்வி. அத்தைக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது. வலதுகால் ரொம்ப மோசம், மாற்றியே ஆக வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொல்லி வருஷம் ஆகிறது. பாலிசியில் மூட்டு ஆபரேஷனுக்கு மூன்று வருடக் காத்திருப்பு. அதுவும் இந்த பிப்ரவரி 28-இல் முடிகிறது. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாயிற்று. போன மாதம் கடிதம்: வேலூர் ஆஸ்பத்திரி இனி எங்கள் பட்டியலில் இல்லை, சென்னைக்குப் போகவும்.

சென்னைக்கு அத்தை வர மாட்டார். "அங்க போயி யாரு மொகத்த பாத்துகினு படுத்துக் கெடக்கிறது?" முடிந்தது பேச்சு. அரசாங்கக் காப்பீட்டு அட்டையும் கிடையாது. சொந்த வேன் ஓடுகிறது, வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்று தள்ளிவிட்டார்கள்.

ஆகவே கம்பெனி மாற்றுவது என்று முடிவு. காத்திருந்த மூன்று வருடமும் நம்மோடு கூடவே வருமாம். ஆனால் பாலிசி முடிய நாற்பத்தைந்து நாள் இருக்கும்போதே கேட்க வேண்டும். கணக்குப் போட்டேன். ஜனவரி 14 கடைசி. தவறினால் இன்னும் ஒரு வருடம் பழைய கம்பெனி, பழைய வலி.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வாணியம்பாடியில் நசீமா என்று ஒரு அக்கா இருக்கிறார், வேறு கம்பெனி ஏஜென்ட், கெட்டிக்காரி என்றார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறது.


ஜனவரி 5, திங்கள்

வெயில் நன்றாக அடித்தது. நசீமா அக்கா ஸ்கூட்டரிலேயே மலை ஏறி வந்துவிட்டார். இறங்கியதும் முதல் வார்த்தை: "யா அல்லா, எத்தன வளைவு! எண்ணிகினே வந்தேன், பாதியில கணக்கு வுட்டுப்போச்சு."

தோல் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் எங்கள் வீட்டுக்காரருடையது. அதில் வரும் பெண்கள் பாதிப் பேருக்கு இந்த அக்காதான் பாலிசி போட்டவராம். வாரம் பூராவும் வீட்டுக்காரருக்கு மலைக்குக் கீழேதான் தங்கல், சனிக்கிழமைதான் வீடு. எனக்குத் தெரியாத ஊர்க்கதையெல்லாம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

அத்தைக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. கேள்விக்குப் பதில் சொன்னதைவிட எதிர்க்கேள்வி கேட்டதுதான் அதிகம்.

"பொகையில பழக்கம் கீதாம்மா?"

"வெத்தல பாக்கு கணக்குல வருமா?"

"வராது."

"அப்ப எழுதிக்க, ஒண்ணும் இல்ல."

எடுத்து வைக்க வேண்டியவை:
ஆதார், நாலு பேருக்கும்
பழைய பாலிசி, மூன்று வருடத்ததும்
வேலூர் டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே
போட்டோ (மகள் கயல் கண்ணை மூடியிருக்கிறாள், வேறு எடுக்க)
சாமை அரிசி 2 கிலோ (இது கம்பெனி கேட்கவில்லை, அக்கா கேட்டது)

எல்லாம் ஸ்கேன் செய்து நானே ஏற்றினேன். சாயங்காலம் நாலேகாலுக்கு விண்ணப்பம் போய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரி புதிய கம்பெனிப் பட்டியலில் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இருக்கிறது.

டீத்தூள் தீர்ந்துவிட்டது.


ஜனவரி 9, வெள்ளி

காலையில் அக்கா போன். எடுத்ததும் ஒரே சிரிப்பு.

"கோமதி, ஒன் மாமியாரு இன்னா பத்து வயசுலயே புள்ள பெத்துட்டாங்களா?"

கம்பெனியிலிருந்து கேள்வி வந்திருக்கிறது. மகன் வேடியப்பன், வயது 46. தாய் காளியம்மாள், வயது 56. விளக்கம் தருக. பதினாறாம் தேதிக்குள் தராவிட்டால் விண்ணப்பம் ரத்து. ரத்தானால் மறுபடி போட நாள் இல்லை, பதினாலு தாண்டிவிடும்.

அக்காவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஏனென்றால் அந்த வயதைப் போட்டது நான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதித் தொலைக்கிறேன். அப்போது கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊருக்கு ஆதார் முகாம் வந்தது. டைப் தெரிந்த ஒரே ஆள் என்று என்னை மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். வரிசையில் ஊரே நின்றது. தேதி தெரியாதவருக்கு ஜனவரி ஒன்று, வயது பார்த்தால் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு, இதுதான் அன்றைய முறை. அத்தை முறை வந்தது. அதுவரை அத்தை என்னிடம் உப்பு எங்கே, உலக்கை எங்கே என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. "வயசு இன்னா போடற?" என்று முறைத்தார். "பாத்தா நாப்பது, நாப்பத்தொண்ணுதான் சொல்லலாம் அத்தை" என்றேன்.

சிரித்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் நாற்பத்தொன்று என்றே அடித்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு வாணியம்பாடியிலேயே கார்டு எடுத்தார்கள், பள்ளிச் சான்றிதழில் இருந்த வயதுப்படி. இரண்டையும் பக்கத்தில் வைத்து இந்தப் பதினைந்து வருடத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை, நான் உள்பட. பழைய கம்பெனியும் பார்க்கவில்லை. புதியவன் பார்த்துவிட்டான்.

மாமியாரைக் குளிர வைத்ததற்கு இப்போது அவர் கால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்கம் பிடுங்குகிறது.


ஜனவரி 10, சனி

வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிவிட்டேன். திண்டாடிப் போவேன் என்று நினைத்தால், மனிதர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "எங்கம்மாவுக்கே ஐஸ் வெச்சவ நீ ஒருத்திதான்" என்றார். சிரித்து முடித்ததும், "நீயே போயி சொல்லு. நான் வரல."

சொன்னேன். அத்தை புளி உடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எத்தினி வருசம் கொறச்ச?"

"ஒரு பத்து, பதினொண்ணு இருக்கும் அத்தை. சரியான வயசே நமக்குத் தெரியாதே."

"இப்ப ஏத்தணுமா?"

"ஆமா."

"ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் நான் இன்னா பஸ்ஸா? கார்டுல அம்பத்தாறுதான். இருந்துட்டுப் போவட்டும்."

அவ்வளவுதான், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்காரர் போய்ப் பேசினார். கயல் போய்ப் பேசினாள். நசீமா அக்கா போனில் வந்து, "வயசு தப்பா இருந்தா ஆஸ்பத்திரில பில்லு பாஸாவாதும்மா" என்று எவ்வளவோ சொன்னார். "அப்ப கால் இப்பிடியே இருக்கட்டும்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படுக்கப் போகும்முன் அத்தை கேட்டார், "ஏன் கொறச்ச?"

மழுப்பவில்லை. "நீங்க என்ன பாத்து சிரிக்கணும்னு."

"சிரிச்சனா?"

"சிரிச்சீங்க."

"ம்." திரும்பிப் படுத்துக்கொண்டார்.


ஜனவரி 12, திங்கள்

காலை ஏழு மணிக்கெல்லாம் குளித்து, பச்சைச் சேலை கட்டி, வாசலில் அத்தை. "பள்ளிக்கூடத்துல என் பேரு கீது. மூணாவது வரைக்கும் போயிருக்கிறேன். ஒன் வண்டிய எடு."

பதினைந்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அத்தை பள்ளிக்கூடம் போனது எனக்குத் தெரியாது! நான் கேட்டதும் இல்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாதாம்.

உண்டு உறைவிடப் பள்ளி. ஹெட்மாஸ்டர் போளூர்க்காரர், வந்து ஆறு மாதம்தான். நல்ல மனிதர். பொங்கல் லீவு விடுவதற்குள் வந்தீர்களே என்றார். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஒரு டிரங்குப் பெட்டியில். மூன்றாவது நோட்டில் கிடைத்தது. கா. காளியம்மாள். தகப்பன் பெயர், ஊர் பெயர், எல்லாம் சரி. பிறந்த தேதி ஜூன் 1. வருடத்தைக் கழித்துப் பார்த்தோம். அறுபத்தேழு வயது.

அந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். இருபத்திரண்டு பேருக்கும் ஜூன் 1.

ஹெட்மாஸ்டர் சிரித்தார். "அப்பல்லாம் பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும். தேதி தெரியாத புள்ளைக்கு வாத்தியாரே ஜூன் ஒண்ணுன்னு எழுதிப்பாரும்மா."

யாரோ ஒரு வாத்தியார். அவர் எழுதியது ஜூன் ஒன்று, நான் அடித்தது ஜனவரி ஒன்று. எனக்கு ஒரே ஆறுதலாகப் போய்விட்டது. அத்தை மட்டும், "எங்க வாத்தியாரு எங்கள எல்லாரையும் ஒரே நாள்ல பெத்துட்டாரு" என்றார்.

பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துத் தன் பெயரைப் படித்தார். படித்து முடித்துப் பக்கத்துக் கட்டத்துக்கும் போனார். நின்ற காரணம்: மாடு மேய்க்க.

"நாலு மாடு," என்றார் ஹெட்மாஸ்டரிடம். "அதுல ஒண்ணு ரொம்ப முட்டும்."

சான்றிதழ் கையோடு கிடைத்தது. முத்திரை காய்ந்து கிடந்தது, என் பையில் கிடந்த கயலின் ஸ்கெட்ச் மையை ஊற்றிச் சரிசெய்தோம். வரும் வழியில் அத்தை கேட்டு டீக்கடையில் இரண்டு பன் வாங்கிக் கொடுத்தேன்.


ஜனவரி 13, செவ்வாய்

ஆதார் மையம், தாலுகா அலுவலகம். வரிசையில் இரண்டு மணி நேரம். அத்தையின் ரேகை விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, ஊதி, என்னென்னவோ செய்தார்கள். பத்து விரலும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சாமைக் கதிர் அறுத்த கை. கடைசியில் கண்ணை வைத்து முடித்தார்கள். "கண்ணு மட்டும்தான் இன்னும் தேயல" என்றார் அத்தை, ஆப்பரேட்டரிடம்.

திருத்தத்துக்கு மனு ஏற்றதற்கான ரசீது, பள்ளிச் சான்றிதழ், நான் எழுதிய விளக்கக் கடிதம். கடிதத்தில் உண்மையையே எழுதிவிட்டேன்: முகாமில் தோராயமாகப் பதியப்பட்டது, பதிந்தவர் மருமகள். அத்தை சிரித்ததைப் பற்றி எழுதவில்லை. மதியம் ஒன்றரைக்கு மூன்றையும் கம்பெனிக்கு அனுப்பினேன்.


ஜனவரி 15

பொங்கல். நன்றாகப் பொங்கியது. அவர், கயல், எல்லாரும் வீட்டில். கம்பெனியிலிருந்து ஒன்றும் இல்லை, லீவு. கரும்பு கடித்து எனக்குப் பல் ஆடுகிறது.


ஜனவரி 22, வியாழன்

விளக்கம் ஏற்றுக்கொண்டார்கள்! அறுபத்தேழுக்கான பிரீமியம் என்று கொஞ்சம் கூடியது. போகட்டும். அடுத்தது கம்பெனி டாக்டர் பேசுவாராம், போனில். பதினொரு மணிக்கு.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில்தான் ஒழுங்காக எடுக்கும். பத்தரைக்கே கிளம்பினோம். டாக்டர் பெண் குரல், இளசு. ஸ்பீக்கரில் போட்டேன். தொட்டியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்காம்மா?"

"புள்ள பெத்தது கணக்கா?"

"இல்லம்மா."

"அப்ப இல்ல."

"மாடிப்படி ஏற முடியுமா?"

"எங்க ஊர்ல மாடி எங்க கீது? மலதான் கீது."

குடத்தோடு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் கையைக் காட்டி அடக்குகிறேன். டாக்டரும் சிரிப்பது கேட்டது.

"சரிம்மா, வலி இல்லாம எவ்ளோ தூரம் நடப்பீங்க?"

"நெசம் சொல்லட்டா?"

"நெசம்தான் வேணும்."

"வூட்டுலேர்ந்து இந்தத் தொட்டிக்கு வர்றதுக்குள்ள மூணு தடவ குந்தினேன்."

வீட்டிலிருந்து தொட்டிக்கு நூறு எட்டு வைத்தால் அதிகம். அவர் உட்கார்ந்ததை நான் பார்க்கவே இல்லை. சிக்னல் கோட்டைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்து வந்துவிட்டேன். திரும்பும்போது பின்னால் நடந்தேன். நான்கு தடவை உட்கார்ந்தார்.

உண்மையைச் சொன்னதால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். நசீமா அக்கா, "மறைச்சாதான் பயம், சொன்னா பயமே இல்ல" என்கிறார். இருந்தாலும்.


ஜனவரி 29, வியாழன்

திருப்பத்தூர் லேபில் ரத்தப் பரிசோதனை, கம்பெனி செலவு. வெறும் வயிறு. முதல் பஸ். வளைவில் எனக்குத்தான் வாந்தி, அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டு வந்தார். சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. லேப் பெண், "பாட்டி, என்ன விட உங்க ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்றாள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு இட்லி, ஒரு வடை, பிறகு இன்னொரு வடை.

கயலுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். எனக்கு ஒரு ஹேர்பின்.


பிப்ரவரி 11, புதன்

புளி உலுக்கல். ஊரே மரத்தடியில். கம்பெனி வெப்சைட்டில் "பரிசீலனையில்". காலை பார்த்தேன், மதியம் பார்த்தேன், இப்போதும் பார்த்தேன். பரிசீலனையில்.


பிப்ரவரி 24, செவ்வாய்

இன்னும் நான்கு நாள்.

தாமதம் நம்மால் இல்லை. பழைய கம்பெனி நம் மூன்று வருட விவரத்தை அனுப்ப வேண்டும், அனுப்பவில்லை. அது வராமல் இவர்கள் முடிவு சொல்ல மாட்டார்கள். இருபத்தெட்டாம் தேதிக்குள் முடிவு வராவிட்டால் பழைய பாலிசியையே புதுப்பிக்க வேண்டும். மறுபடி சென்னை, மறுபடி "போவ மாட்டேன்", மறுபடி நூறு எட்டுக்கு மூன்று தடவை குந்தல். ஒரு வருடம்.

பழைய கம்பெனிக்குப் போன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். ஸ்பீக்கரில் வைத்துவிட்டு லேமினேஷன் வேலை பார்த்தேன். அத்தை கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு இருந்தார். அரை மணி கழித்து ஒரு பெண் வந்தாள்.

"எதுக்கு மேடம் எங்கள விட்டுப் போறீங்க? தள்ளுபடி தர்றோம்."

நான் வாய் திறப்பதற்குள் அத்தை போனை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒன் பேரு இன்னா?"

சொன்னாள்.

"நல்லாரு. நீங்கல்லாம் தப்பு பண்ணல. பொறந்த நாளுக்குக்கூட வாழ்த்து சொல்றீங்க. ஆனா எனக்குக் கால் முடியலம்மா. வேலூருன்னா எம் மவன் வேன் எடுத்துகினு ஒரு எட்டு வந்துட்டுப் போவான். மெட்ராஸுன்னா வேன நிறுத்திட்டுதான் வரணும், பொழப்பு கெட்டுடும். நீ அந்தக் காகிதத்த அனுப்பி வுட்டுடு. நல்ல மனசோட அனுப்பு."

அந்தப் பெண், "இன்னிக்கே அனுப்ப வைக்கிறேம்மா. உடம்ப பாத்துக்கோங்க."

சென்னைக்கு வரமாட்டேன் என்றதற்கு இதுதான் காரணம். யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுப்பது என்று சொன்னதெல்லாம் சும்மா. மகனின் வேன் ஒரு நாளும் நிற்கக் கூடாது. எங்களிடம் சொல்லியிருக்கலாம். யாரோ ஒரு பெண்ணிடம் சொல்கிறார்.


பிப்ரவரி 26, வியாழன்

வந்துவிட்டது!

பதினொன்றேகாலுக்கு நசீமா அக்கா போன். "கோமதி, நோன்பு வாயால சொல்றேன், பாஸாயிடுச்சு!" மெயிலைத் திறந்து பார்த்தேன். வேடியப்பன், கோமதி, கயல்விழி, காளியம்மாள் வயது 67. மூட்டுக் கட்டத்தில்: காத்திருப்புக் காலம் நிறைவு. மார்ச் 1 முதல்.

பிரிண்ட் எடுத்தேன். ஒன்று போதும், நான்கு எடுத்தேன். கடையைச் சாத்திவிட்டு பேக்கரியில் ஒரு கிலோ ஜாங்கிரி, மிக்சர். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இன்னா விசேசம் என்று கேட்டவர்களுக்கு, "எங்க அத்தைக்கு அறுபத்தேழு வயசு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அவருக்குப் போன். ரோட்டோரமாக நிறுத்தி ஹாரனை விடாமல் அடித்தார். வேனில் இருந்த பெண்களெல்லாம் கத்துவது கேட்டது.

அத்தையிடம் காகிதத்தைக் கொடுத்தேன். விரல் வைத்து எண்ணை மட்டும் படித்தார். "அறுவத்தேழு." பிறகு என்னைப் பார்த்து, "பரவால்ல. நல்லாத்தான் கீது" என்றார். ஜாங்கிரி இரண்டு எடுத்துக்கொண்டார். சர்க்கரைதான் இல்லையே.


மார்ச் 9, திங்கள்

வேலூர். வெயில் கொளுத்துகிறது. மலையிலிருந்து இறங்கினால் அடுப்படிக்கு வந்த மாதிரி.

ஏழரைக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். கம்பெனி அனுமதி நேற்றே வந்துவிட்டது, ஒரு இடத்திலும் ஒருத்தரும் நிறுத்தவில்லை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கதவு வரைக்கும் பிடித்திருந்தார். வெளியே வந்து உட்கார்ந்தபோது என் மணிக்கட்டில் அவர் விரல் தடம் சிவப்பாக இருந்தது.

வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கு வேனோடு வந்தார். ட்ரிப்புக்கு வேறு ஆளின் வேனை அனுப்பியிருக்கிறார். அத்தையிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கட்டளை.

பதினொன்றரைக்கு முடிந்தது. நல்லபடியாக. டாக்டர் கட்டைவிரலைக் காட்டினார்.

சாயங்காலம் நசீமா அக்கா நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், சமோசாவோடு வந்தார். பாங்கு கேட்டதும் அக்கா நோன்பு திறந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நாங்கள் இருவரும். அக்கா அல்லாவுக்காக, நான் பயத்தில். கஞ்சி தேவாமிர்தம். மூன்று டம்ளர்.


மார்ச் 11, புதன்

காலையில் நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் வந்து அத்தையை எழுப்பி நிற்க வைத்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து எட்டு. அத்தைக்கு வேர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார், சத்தமாக. பத்து வந்ததும், "ஒக்கார்றீங்களா?" என்றாள் அந்தப் பெண். "எதுக்கு?" என்றார். ஆனாலும் உட்கார வைத்துவிட்டார்கள். நாளைக்குக் கதவு வரைக்கும், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பு.

வாங்க வேண்டியவை: வயிற்றுக்கான மாத்திரை, பிளாஸ்க், கொசுவர்த்தி. கயலுக்குப் போன் செய்ய. கடைச் சாவி பக்கத்து வீட்டில் கொடுத்தேனா?

இடதுகாலுக்கு எப்போது என்று அத்தை இன்று டாக்டரிடம் கேட்டுவிட்டார். தையல் ஆறட்டும் என்றிருக்கிறார். இதெல்லாம் எனக்கு நர்ஸ் சொல்லித்தான் தெரியும், நான் பில் கவுன்ட்டரில்...

என்னவோ சத்தம். நிமிர்ந்தால் கட்டிலில் ஆளைக் காணோம். வாக்கரோடு கதவைத் தாண்டி வராண்டாவில் நிற்கிறார், நர்ஸ் "பாட்டி, பாட்டி" என்று பின்னால் ஓடுகிறாள். எங்கேயும் குந்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்து,

"ஏ கோமதி, இன்னா எழுதிகினே கீற? எழுந்து வா, என்னால நின்னுகினே இருக்க முடியாது, நடக்கணும்"